பழைய ஜீப்பில் கியர் போட்டதும் அடியில் 'டொக்' சத்தம், உதவி வேண்டும்

கோபிக்காரர்:
வணக்கமுங்க. அப்பா வாங்கிய 2003 மாடல் டீசல் ஜீப், பின் சக்கர இழுவை. மஞ்சள் மூட்டை, தேங்காய் எல்லாம் இதில்தான் போகிறது. இரண்டு மாதமாக, கிளட்சை விட்டதும் அடியில் 'டொக்' என்று ஒரு அடி. ரிவர்ஸ் போட்டாலும் அதேதான். பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவிலும் ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கிறபோதெல்லாம் கேட்கிறது. 40 வேகத்துக்கு மேல் சீட்டுக்கு அடியில் அதிர்வும் உண்டு. ஒரு பட்டறையில் கிரவுன் பினியனையே (பின் அச்சுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பல் சக்கர ஜோடி) மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவுக்கு இப்போது வழியில்லை. முதலில் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா அண்ணா?

பெருந்துறை மெக்கானிக்:
தம்பி, கிரவுனை இப்போதைக்குப் பிரிக்க விடாதீங்க. அது தேய்ந்தால் பெரும்பாலும் ஓட்டத்தில் 'ஊ' என்று ஊளையிடும், வேகத்தோடு ஏறி இறங்கும். உங்கள் வண்டியில் கேட்பது அடி. இழுவை திசை மாறும்போது எங்கோ விழுந்த ஆட்டம் மூடுகிற சத்தம். எங்கே என்று கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. அப்புறம் நியூட்ரல். அடியில் படுத்து, ஒரு கையில் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் (கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) மறு கையில் பின்பக்க ஃபிளேஞ்சையும் (அது பின் அச்சில் போல்ட் போட்டுச் சேரும் தட்டு) பிடித்துத் திருகுங்க. இரண்டும் சேர்ந்தே அசைய வேண்டும். ஷாஃப்ட் முந்தி ஃபிளேஞ்ச் பிந்தினால், இரண்டையும் இணைக்கும் கூட்டல் குறி போன்ற ஜாயிண்ட் கிராஸ் போய்விட்டது. ஷாஃப்டின் முன் முனையில் இருக்கும் கிராஸையும் இப்படியே பாருங்க. கிராஸின் நான்கு முனையையும் மூடும் கப் ஓரத்தில் காவிப் பொடி இருந்தால் சந்தேகமே வேண்டாம், கிரீஸ் வற்றி உள்ளே ஊசி பேரிங் துருவேறிவிட்டது.

தாராபுரத்திலிருந்து:
யூ போல்ட்டையும் பாருங்க. எங்கள் வண்டியில் கிராஸ் மாற்றியும் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் ஸ்பிரிங் பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட் தளர்ந்து கிடந்தது. கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பரும் ஒரு காரணம்.

கோபிக்காரர்:
படுத்துப் பார்த்தேனுங்க. யூ போல்ட், ரப்பர் எல்லாம் சரி. பின் கிராஸில் கப்பைச் சுற்றி ஏதோ பொடி, மஞ்சள் தூள்தான் சிந்தியிருக்கிறது என்று துடைத்தேன். விரலில் தேய்த்தால் துரு. ஷாஃப்டைத் திருகினால் ஆட்டம் நன்றாகவே தெரிகிறது. கழற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

பெருந்துறை மெக்கானிக்:
கழற்றும் முன் ஃபிளேஞ்சிலும் யோக்கிலும் (கிராஸைப் பிடிக்கும் கவை) நேருக்கு நேர் பஞ்ச் குறி போடுங்க. ஷாஃப்டில் பல்லோடு நழுவி நீளும் ஸ்லிப் யோக்கை உருவினால் அங்கும் குறி கட்டாயம். ஷாஃப்டின் இரு முனை யோக்கும் ஒரே நேரில் நிற்க வேண்டும், ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அதிர்வு திரும்பி வரும்.

புதுக் கிராஸ் இறக்கும்போது ஒரு ஊசி சாய்ந்து கப்புக்கு அடியில் படுத்துக்கொள்ளும். கப் முழுதாக இறங்காது, கப்பைப் பூட்டும் வளையம் உட்காரும் லாக் பள்ளம் தெரியாது. அப்போது சுத்தியலால் ஓங்கி அடிக்கக் கூடாது, கழற்றி ஊசியை நேராக நிறுத்துங்க. நான்கு கப்பிலும் கிரீஸ் பிதுங்க வேண்டும். முன் கிராஸையும் சேர்த்தே மாற்றிவிடுங்க. கிரவுன் இருக்கும் பின் அச்சு ஹவுசிங் ஆயிலையும் இறக்கிப் பாருங்க, இரும்புச் சில்லு வந்தால் மட்டும் கிரவுனைப் பற்றிப் பேசலாம்.

கோபிக்காரர்:
இரண்டு கிராஸும் மாற்றியாயிற்று. ஆயிலில் சில்லு இல்லை. நேற்று மூட்டையோடு திம்பம் ஏறினேன், ஒரு வளைவில்கூட அடி இல்லை. அதிர்வும் போய்விட்டது. ரொம்ப நன்றிங்க அண்ணா. ரிவர்ஸ் போடும்போது மட்டும் மெல்லிய 'டிக்' கேட்கிறது.

பெருந்துறை மெக்கானிக்:
அது பல்லுக்குப் பல் இருக்க வேண்டிய இடைவெளி, இருக்கட்டும் தம்பி. மாதம் ஒரு தடவை கிரீஸ் கன் வைங்க. வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறினால் அன்றைக்கே வைங்க.