'ஃப்ரைட் நைட்' மாதிரி பயமும் சிரிப்பும் கலந்த படம் இருந்தால் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1985இல் டாம் ஹாலந்து எழுதி இயக்கிய 'ஃப்ரைட் நைட்' பார்த்ததிலிருந்து அதே ருசியில் இன்னொரு படம் தேடி அலைகிறேன், உதவி செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவன் ரத்தக் காட்டேரி என்று ஒரு பையனுக்குத் தெரிந்துவிடுகிறது, சொன்னால் யாரும் நம்பவில்லை, கடைசியில் டிவியில் பழைய பேய்ப்படங்களைத் தொகுத்து வழங்கும் பீட்டர் வின்சென்ட் என்ற வயதான நடிகரிடம் போய் நிற்கிறான். ராடி மெக்டவல் அந்த வேடத்தில் பிய்த்து உதறியிருக்கிறார். கையிலிருக்கும் சின்னக் கண்ணாடியில் காட்டேரியின் உருவம் விழவில்லை என்று கண்டதும் முகம் வெளிறி அதைக் கீழே போட்டு உடைப்பார் பாருங்கள், அதுவரை வேடிக்கையாகத் தெரிந்த மனிதர்மேல் அந்த நொடியில் பாசம் வந்துவிடும். அப்புறம் அவர் நீட்டுகிற சிலுவை, அவருக்கே நம்பிக்கை இல்லாததால், பலிக்காது!

கிறிஸ் சரண்டன் ஆப்பிளைக் கடித்துக்கொண்டு நிதானமாக வருகிற காட்டேரி. அவனை எங்கேயும் கோமாளி ஆக்கவில்லை. சிரிப்பெல்லாம் மாட்டிக்கொண்டவர்களின் தவிப்பிலிருந்துதான் வருகிறது, அதனால் பயம் கொஞ்சமும் குறையவில்லை. எனக்கு வேண்டியது இந்தச் சமநிலைதான், வெறும் கேலிப்படம் வேண்டாம்.

1988இல் வந்த இரண்டாம் பாகம், 2011 மறு ஆக்கம், 'தி லாஸ்ட் பாய்ஸ்' மூன்றும் பார்த்தாயிற்று. எந்த மொழியானாலும் சரி, கணினி வரைகலை வருவதற்கு முந்தைய, ஒப்பனையிலேயே மிரட்டுகிற படமென்றால் இன்னும் நல்லது. பெயரோடு உங்களுக்கு ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதினால் தேர்ந்தெடுக்க எளிது. பதின்மூன்று வயதுப் பையனோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.