கடவுச்சொல் போய் 'பின்' (PIN) இலக்கம் வந்த பிறகு, தூரத்துக் கணினிக்குள் நுழைய முடியாமல் நின்றவர்கள் எழுதுங்கள்

பரந்தன் சந்தி:
புதுக்குடியிருப்பில் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்தபடி, ஆலைக் கணினியின் திரையை இங்கே திறந்து தரும் ரிமோட் டெஸ்க்டொப்பில்தான் வேலை. பழைய கணினியைத் தூக்கிவிட்டு விண்டோஸ் 11 புரோ உள்ள புதியதை வைத்தார்கள். பொருத்த வந்தவர் மைக்ரோசொப்ட் கணக்கைப் போட்டு, பின் இலக்கத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் போக வேண்டும். நான் இங்கிருந்து அந்த இலக்கத்தை அடித்தால் தவறு என்கிறது. காவலாளி ஐயாவை வீடியோ அழைப்பில் எடுத்தேன். ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் ஒற்றை விரலால் அதே இலக்கத்தைத் தட்டினார். திரை உடனே திறந்தது. "எனக்குத் திறக்கிறதே தம்பி, உங்களுக்கு ஏன் திறக்கவில்லை?" என்று கேட்டார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பின் இலக்கம் அந்தப் பெட்டியோடு மட்டும் கட்டப்பட்டது, வெளியிலிருந்து வருபவனிடம் கடவுச்சொல்லைத்தான் கேட்கும் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

கடைசியில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். நேரில் போனால் அங்கேயும் கடவுச்சொல் போட இடமில்லை. உள்நுழைவு அமைப்புகளில், விண்டோஸ் ஹலோ (பின் இலக்கம், முகம், விரல் அடையாளம்) வழியாக மட்டுமே அனுமதிக்கும் ஆளி போடப்பட்டிருந்தது. அதை அணைத்து, வெளியேறி, அந்த விசைப்பலகையிலேயே ஒருமுறை கடவுச்சொல்லை அடித்து உள்ளே போன பிறகுதான் வீட்டிலிருந்தும் திறந்தது. கணினி அதுவரை அந்தக் கடவுச்சொல்லைக் கண்டதே இல்லையாம். பொருத்தியவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நெடுங்கேணிப் பொடியன்:
பரந்தன் அண்ணா, பொருத்தியவரைத் திட்டி என்ன பயன்? கடவுச்சொல் போகத்தான் போகிறது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் 2021 ஓகஸ்ட் 13 அன்று, நிரலை ஏற்றி இறக்கும் கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை நிறுத்தியது. நான் அப்போது வவுனியாவில் படிப்பு, கொரோனாவால் வீட்டில் இருந்தேன். குழு வேலையை ஏற்றப் போனால், இனிக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், யார் படித்தது? கடவுச்சொல்லுக்குப் பதிலாக அவர்கள் தரும் நீண்ட எழுத்துக்கோவையான டோக்கனை எடுத்து ஒட்டினால் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. ஒட்டியதா இல்லையா என்று தெரியாமல் என்டரை அழுத்திய அந்தக் கணம் இருக்கிறதே! பிறகு, கணினியில் கோப்பாக இருக்கும் எஸ்எஸ்எச் சாவிக்கு மாறினேன். இப்போது கடவுச்சொல்லைத் தேடுவதே இல்லை. உங்களுடையது மாறும் காலத்துச் சில்லறைத் தொல்லை.

மாங்குளம் ஆசிரியர்:
சில்லறைத் தொல்லை என்று தம்பி சொல்வதை ஏற்க மாட்டேன். சம்பளம் பிந்தினால் தெரியும். என் மகளுக்கும் இதே கதைதான், அதை விடுவோம். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் விண்டோஸ் எந்த வகை என்று பாருங்கள். ஹோம் என்றால் ரிமோட் டெஸ்க்டொப் அழைப்பை அது ஏற்கவே ஏற்காது, மணிக்கணக்காக முட்டிப் பயனில்லை. அடுத்து, மைக்ரோசொப்ட் கணக்கை நம்பியிருக்காமல் அந்தக் கணினியிலேயே தனியாக ஒரு உள்ளூர்க் கணக்கு உருவாக்கி, ரிமோட் டெஸ்க்டொப் பயனர் குழுவில் சேர்த்துவிடுங்கள். அதற்குக் கடவுச்சொல் கட்டாயம் வையுங்கள்; வெறுமையாக விட்டால் நேரில் திறக்கும், தூரத்திலிருந்து திறக்காது. ரவுட்டரில், ரிமோட் டெஸ்க்டொப் அழைப்பு வரும் 3389 துறையை (port) வெளியுலகுக்குத் திறந்துவிடும் வேலை மட்டும் வேண்டாம். கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. விபிஎன் என்ற மறைகுறியாக்கிய தனி இணைப்பு வழியாக வாருங்கள். எஸ்எஸ்எச் காரருக்கும் ஒன்று: சேவையகத்தில் கடவுச்சொல் வழியை அடைக்கும் முன், சாவியால் நுழைய முடிகிறதா என்று இன்னொரு சாளரத்தில் பார்த்துவிட்டு அடையுங்கள். சாவிக்கு ஒரு பிரதியும் வேண்டும். மடிக்கணினி பழுதானால் அதோடு சாவியும் போய்விடும்.

மல்லாவி அக்கா:
ஐயா கோபிக்க வேண்டாம், அறிவுரை யாரும் கேட்கவில்லையே. என் கதையையும் கேளுங்கள். கனடாவில் இருக்கும் தம்பி, பாதுகாப்பு என்று சொல்லி என் கணக்கில் கடவுச்சொல்லையே அகற்றிவிட்டான். தொலைபேசியில் அனுமதி கொடுத்தால் போதும் என்றான். நல்லதுதான். அச்சகத்துக் கணினியை வீட்டிலிருந்து திறக்கப் பார்த்தேன், கடவுச்சொல் கேட்டது. எந்தக் கடவுச்சொல்? "மறந்துவிட்டீர்களா?" என்பதை அழுத்தி உள்ளே போய்ப் பார்த்தால், என் கணக்கில் கடவுச்சொல் இல்லை என்கிறது. இல்லாததைக் கேட்கும், கொடுக்க முடியாது என்றும் சொல்லும். அன்று ஒரு திருமண அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பரந்தன் சந்தி:
அக்கா, அப்படியென்றால் நான் செய்தது உங்களுக்கு உதவாது, அடிப்பதற்குக் கடவுச்சொல்லே இல்லை. ஆசிரியர் சொன்ன உள்ளூர்க் கணக்குத்தான் வழி. ஆனால் அதை அச்சகத்துக் கணினியின் முன்னால் இருந்துதான் உருவாக்க வேண்டும்.

மல்லாவி அக்கா:
அழைப்பிதழைக் கொடுத்துவிட்டேன், சைக்கிளில் போய். உள்ளூர்க் கணக்கை நாளைக்குப் போடுகிறேன். தம்பிக்குச் சொல்ல மாட்டேன், அதையும் அகற்றச் சொல்வான்.