லாரி ஹோம்ஸ்: 20 முறை பட்டத்தைத் தக்கவைத்தார், ஆனால் யாருக்கு எதிராக?

சவுத்பா:
குத்துச்சண்டை வீரர் லாரி ஹோம்ஸ் 1978-ல இருந்து 1985 வரை ஹெவிவெயிட் சாம்பியன். 20 தடவை பட்டத்தைத் தக்க வச்சிருக்கார். அதுவரைக்கும் ஹெவிவெயிட்ல ஜோ லூயிஸ் (25) மட்டும்தான் இவருக்கு மேல. ஆனா முகமது அலி, லூயிஸ், ஜார்ஜ் ஃபோர்மன் வரிசையில இவர் பேரைச் சொன்னா உடனே "இவர் யாரை ஜெயிச்சார்?"னு கேட்கிறாங்க. எதிராளியோட தரத்தை எதை வச்சு எடை போடுறது? பேரா, ரெகார்டா, ராங்கிங்கா?

கார்னர்மேன்:
பேரை முதலில் தள்ளி வையுங்கள். ஹோம்ஸ் வென்றவர்களில் பெரிய பேர் அலி. மதிப்பில் ஆகக் கடைசி வெற்றியும் அதுதான். 1980 அக்டோபர் 2 அன்று அலிக்கு 38 வயது. இரண்டு வருடமாக ரிங்கில் இறங்கவில்லை. தைராய்டு மருந்தும் சேர்ந்து எடை இறங்கியிருந்தது, தெம்பு இல்லை. 10 ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்திவிட்டார். அதை ஹோம்ஸின் கணக்கில் ஏற்றவே கூடாது.

ரெகார்டும் ஏமாற்றும். 1979 ஜூனில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மைக் வீவர் வந்து நின்றபோது 19 வெற்றி, 8 தோல்வி. காகிதத்தில் சாதாரண ஆள். ஆனால் ஹோம்ஸைத் திணறடித்து, 12-ஆவது ரவுண்டில்தான் விழுந்தார். அடுத்த மார்ச்சில் அதே வீவர் ஜான் டேட்டை 15-ஆவது ரவுண்டில் சாய்த்து டபிள்யூபிஏ (உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்று) சாம்பியன் ஆனார்.

ஆகவே சண்டைத் தேதியை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் எதிராளி ஆடிய மூன்று நான்கு சண்டை, பின் ஆடிய இரண்டு மூன்று சண்டை, இரண்டையும் பாருங்கள். வென்றாரா என்பதோடு யாரை வென்றார், எத்தனை மாத இடைவெளி, வயது, எடை எல்லாம் வேண்டும். ஜெர்ரி கூனியை எடுங்கள். 25-0 (25 வெற்றி, தோல்வி இல்லை) என்று வந்தார். 1981 மே மாதம் கென் நார்ட்டனை 54 வினாடியில் முடித்தவர். ஆனால் அந்த நார்ட்டன் தேய்ந்துபோன நார்ட்டன். அதற்குப் பின் 1982 ஜூன் வரை கூனி சண்டையே போடவில்லை. அடி பலமானது, அனுபவம் குறைவு. ஹோம்ஸ் 13-ஆவது ரவுண்டில் முடித்ததை நல்ல வெற்றி என்பேன், மகத்தான வெற்றி என்று சொல்லமாட்டேன்.

பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததைவிடக் குறைவாகவே நம்புங்கள். நார்ட்டன் 1979 மார்ச்சில் எர்னி ஷேவர்ஸிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தார். அதை வைத்து, 1978 ஜூன் 9-ல் ஹோம்ஸ் வென்ற நார்ட்டனும் முடிந்துபோன ஆள்தான் என்று சொல்வது பெரிய தவறு. அன்று இரண்டு ஜட்ஜ்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கும் ஒருவர் அதே கணக்கில் நார்ட்டனுக்கும் கொடுத்தார்கள். அந்த 15-ஆவது ரவுண்டைப் பாருங்கள். இருவரும் கடைசி மணி வரை விடவில்லை. இடது கைக் காயத்தோடு ஹோம்ஸ் ஆடிய சண்டை அது. அவர் பெயர் நிற்பதற்கு அந்த ஓர் இரவே முதல் காரணம்.

பதினைந்து ரவுண்டு:
ராங்கிங் பார்க்கிறதா இருந்தா பட்டம் தர்ற அமைப்புகளோட பட்டியலை மட்டும் நம்பாதீங்க. அதுல சண்டை ஏற்பாடு பண்ற ப்ரமோட்டர்களோட செல்வாக்கு இருக்கு. 'த ரிங்' பத்திரிகையோட அந்தந்த மாசப் பட்டியல் பரவாயில்லை, ஆனா அதுக்கும் கறை உண்டு: 1977-ல ஏபிசி டிவிக்காக ப்ரமோட்டர் டான் கிங் நடத்தின போட்டியில சில பாக்ஸர்களோட 'த ரிங்' ரெகார்டுல நடக்காத சண்டைகளையெல்லாம் வெற்றியா சேர்த்திருந்தது வெளிய வந்து, போட்டியையே நிறுத்தினாங்க.

அடுத்தது, மோதாதவங்க பட்டியல். இதுலதான் ஹோம்ஸுக்கு மார்க் குறையுது. க்ரெக் பேஜ், பின்க்லன் தாமஸ், மைக்கேல் டோக்ஸ், கெர்ரி கட்ஸீ நாலு பேரும் அந்தக் காலத்துல பெல்ட் வச்சிருந்தவங்க, நாலு பேரோடயும் மோதலை. ஆனா எல்லாம் ஒரே கணக்கு இல்லை. கட்ஸீ சண்டை 1984-க்குப் பேசி முடிச்சு, பணம் திரளாம நின்னுபோச்சு. அதுக்கு ஹோம்ஸைக் குறை சொல்ல முடியாது. பேஜ் விஷயம் வேற. ஹோம்ஸுக்கு பெல்ட் தந்த டபிள்யூபிசி அமைப்பு பேஜோட மோதச் சொன்னப்போ, ஹோம்ஸ் 1983 நவம்பர்ல 10 சண்டை மட்டுமே ஆடின மார்விஸ் ஃப்ரேசியரை ஒரே ரவுண்டுல முடிச்சார், டிசம்பர்ல பெல்ட்டையே விட்டுட்டு ஐபிஎஃப்-ங்கிற இன்னொரு அமைப்பு பக்கம் போனார். இதுக்குக் கட்டாயம் கழிக்கணும்.

சவுத்பா:
தோல்வியே இல்லாத எதிராளிகளை எப்படி எடுத்துக்கிறது? மார்விஸ் 10-0, விதர்ஸ்பூன் 15-0, டேவிட் பே 14-0. மூணும் ஒண்ணா?

கார்னர்மேன்:
இல்லை. அந்த பூஜ்யத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பே, க்ரெக் பேஜை வென்றுவிட்டு வந்தவர். டிம் விதர்ஸ்பூன் ரெனால்டோ ஸ்னைப்ஸை வென்றிருந்தார். ஸ்னைப்ஸ் யார்? 1981 நவம்பரில் ஹோம்ஸையே கீழே தள்ளியவர். அந்த விதர்ஸ்பூனிடம் 1983 மே மாதம் ஹோம்ஸ் ஜட்ஜ்கள் கணக்கில் 2-1 என்றுதான் தப்பினார். பலரும் அதை ஹோம்ஸின் சரிவுக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். விதர்ஸ்பூன் அடுத்த வருடமே டபிள்யூபிசி பட்டமும், 1986-ல் டபிள்யூபிஏ பட்டமும் வென்றார் என்பதையும் பக்கத்தில் வையுங்கள்.

வீவர், பெர்பிக், விதர்ஸ்பூன், 'போன்க்ரஷர்' ஸ்மித் என்று ஹோம்ஸிடம் தோற்ற நால்வர் பின்னால் சாம்பியன் ஆனார்கள். சாம்பியன் வீழ்த்திவிட்டார், அதனால் எதிராளி மட்டம் என்ற வட்டத்துக்குள் விழுந்தால் இது கண்ணுக்கே படாது.

மணிச்சத்தம்:
ஒருவருக்குப் போடும் கணக்கை மற்றவருக்கும் போட வேண்டும். லூயிஸ் 1940 டிசம்பர் முதல் 1941 ஜூன் வரை ஏழு மாதத்தில் ஏழு முறை பட்டத்துக்கு ஆடினார். அதில் பில்லி கானைத் தவிர மற்றவர்களை அன்றைய பத்திரிகைகளே மாதம் ஒரு சோப்ளாங்கி என்று எழுதின. அவருக்கு அதை மன்னித்துவிட்டு, ஸ்காட் ஃப்ராங்க் மாதிரி சாதாரண ஆளோடு ஆடிய சண்டைக்காக ஹோம்ஸை மட்டும் பிடிப்பது நியாயமில்லை. என் கணக்கில் பத்தாவது ரவுண்டில் முடிந்த அலி சண்டைக்குப் பூஜ்யம், நார்ட்டனுக்கு முழு மார்க், ஷேவர்ஸ், வீவர், விதர்ஸ்பூனுக்கு முக்கால், மார்விஸுக்குக் கழித்தல். இப்படிக் கூட்டினாலும் ஹெவிவெயிட்டில் முதல் ஆறுக்குள் வந்துவிடுகிறார்.

இன்னொன்று: 1992 பிப்ரவரியில் 42 வயதில், அதுவரை தோற்காத ஒலிம்பிக் தங்கம் ரே மெர்சரை ஜாபை (முன் கையால் நேராக விடும் குத்து) வைத்தே பாயிண்டில் வென்றார். அப்போது பட்டம் அவரிடம் இல்லை என்பதால் பட்ட எண்ணிக்கை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.