எனக்கு பாசிட்டிவ், பாப்பாவுக்கு தாய்ப்பால் குடுக்கலாமா? மாமியாருக்கு எதுவும் தெரியாது

பெயர் வேண்டாம்:
இதுக்குன்னே புது ஐ.டி. போட்டு எழுதறேன், யாருன்னு கேக்காதீங்க ப்ளீஸ். இப்போ 33 வாரம். மூணாம் மாச செக்கப்ல ரத்தம் எடுத்தப்போதான் ஹெச்.ஐ.வி. இருக்குன்னு தெரிஞ்சுது, அப்புறம் வீட்டுக்காரருக்கும் பார்த்தாங்க அவருக்கும் இருக்கு. உடனே கூட்டு மருந்து ஆரம்பிச்சாச்சு, டி.எல்.டி.ங்கற மாத்திரை தினமும் ஒண்ணு, காலைல சாப்பிடறதுக்கு முன்னாடி எல்லா மாத்திரையையும் சேர்த்து போட்டுக்கறேன், இதுவரைக்கும் ஒரு நாள் கூட விட்டதில்ல. இந்த மருந்து குடுக்கற ஏ.ஆர்.டி. சென்டர்ல தாய்ப்பால் தாராளமா குடுங்கன்னு சொல்றாங்க. ஆனா பிரசவத்துக்கு பார்த்து வெச்சிருக்கற ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டர் "உனக்கு எதுக்குமா அந்த ஆசை, பவுடர் பால் வாங்கி வெச்சுக்கோ"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க, ரெண்டு நாள் சோறே இறங்கல. யார் சொல்றத கேக்கறது? டின் பால் குடுத்தா ஏன் ஏன்னு தெருவே கேக்கும். இதுல பொறந்ததும் சேனை வெக்கணும்னு மாமியார் இப்பவே மலைத்தேன் வாங்கி வெச்சிருக்காங்க.

பாலா_மதுரை:
தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், பால் வழியா பரவும்னு தெரிஞ்சே ஏன் ரிஸ்க். பவுடர் பால் குடுத்தா பிரச்சனையே இல்லல்ல. ஊர் என்ன பேசுனா என்ன.

ரெண்டு பசங்க அம்மா:
பாலா தம்பி, சொல்றது ஈஸி. எனக்கும் பாசிட்டிவ் தான், சின்னவனுக்கு பதினோரு மாசம் பால் குடுத்தேன், அவன் இப்போ ரெண்டாங்கிளாஸ், நெகட்டிவ். பொறந்த அன்னிக்கே ஹெச்.ஐ.வி. தொத்தாம இருக்க நெவிரபின் சிரப், குட்டி சிரிஞ்சுல 1.5 மில்லி, தினமும் ஒரே நேரத்துல ஆறு வாரம் குடுத்தோம் (உங்க பாப்பா எடைக்கு எவ்ளோன்னு டாக்டர் சொல்வாங்க, என் கணக்க வெச்சு குடுத்துடாதீங்க). மாமியார் என்ன மருந்துன்னு கேட்டாங்க, மஞ்சக்காமாலை வராம இருக்கன்னு ஒரு பொய்ய சொன்னேன். சேனைக்கு எங்க அம்மா ஒரு ஐடியா பண்ணாங்க, தேனை தொட்ட மாதிரி தொட்டு விரல குழந்தை உதட்டுக்கு வெளிய வெச்சுட்டு துடைச்சுட்டாங்க, சடங்கும் ஆச்சு வாய்க்குள்ளயும் போகல. உங்க அம்மாகிட்டயாவது சொல்லி வைங்க பா, தனியா சமாளிக்க முடியாது.

பழைய கவுன்சிலர்:
ஒன்பது வருஷம் நம்பிக்கை மையத்துல (ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து ஆலோசனை சொல்ற இடம்) உக்காந்திருந்தவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். மருந்தே இல்லாத காலத்துல பால் குடிக்கறதால மட்டும் நூறு குழந்தைல அஞ்சுல இருந்து இருபது வரைக்கும் தொத்திச்சு, அந்த சிஸ்டர் மனசுல இருக்கறது அந்த காலம். அம்மா ஒழுங்கா மாத்திரை போட்டு வைரஸ் அடங்கி இருந்தா நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழ போயிடுது, ஆப்பிரிக்காவுலயும் இந்தியாவுலயும் நடந்த புரோமிஸ்ங்கற ஆய்வுல ஒரு வயசு வரைக்கும் பார்த்து வந்த கணக்கு இது. சுத்தமா பூஜ்யம்னு சொல்ல மாட்டேன்மா, அப்படி யாரும் சொல்ல முடியாது. பாலாவுக்கு ஒண்ணு, போட்ஸ்வானால பாசிட்டிவ் அம்மாக்களுக்கு அரசாங்கமே பவுடர் பால் இலவசமா குடுத்துச்சு, 2006ல பெருமழை பெஞ்சு தண்ணி கெட்டு வயித்துப்போக்கு பரவினப்போ ஆஸ்பத்திரில வந்து விழுந்ததுல பெரும்பாலும் தாய்ப்பால் குடிக்காத குழந்தைங்க தான். டின் பாலுக்கும் ரிஸ்க் இருக்கு தம்பி.

இப்போ உங்களுக்கு. மொதல்ல வைரல் லோட் (ரத்தத்துல வைரஸ் எவ்ளோ இருக்குன்னு பார்க்கற டெஸ்ட்) எப்போ எடுத்தாங்க? 32 வாரத்துக்கு மேல ஒண்ணு எடுக்கணும், எடுக்கலன்னா நாளைக்கே போய் கேளுங்க. அது ஆயிரத்துக்கு மேல இருந்தா குழந்தைக்கு ஒரு மருந்துக்கு பதிலா ரெண்டு மருந்து, 12 வாரம் வரைக்கும் போகும். அப்புறம் எல்லா மாத்திரையையும் சேர்த்து போடறேன்னீங்களே, அதுல இரும்புச்சத்து, கால்சியம் இருக்குமே? வெறும் வயித்துல டி.எல்.டி.யோட அத போட்டா மருந்து உடம்புல சரியா சேராது. ஒண்ணு சாப்பாட்டோட சேர்த்து போடுங்க, இல்ல டி.எல்.டி. போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு சத்து மாத்திரை. இத நிறைய பேருக்கு யாரும் சொல்றதே இல்ல.

ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், தேன், சர்க்கரைத்தண்ணி, உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம், அதெல்லாம் குடலோட உள்தோல புண்ணாக்கும் அந்த வழியா வைரஸ் உள்ள போகும். 1999லயே தென்னாப்பிரிக்கா டர்பன்ல பார்த்தாங்க, பாலும் மத்ததும் கலந்து குடிச்ச குழந்தைங்கள விட வெறும் தாய்ப்பால் குடிச்சதுங்களுக்கு தொத்து கம்மி. அதுக்காக யாரோ ஒரு தடவ தேன் தொட்டு வெச்சுட்டாங்கன்னு பயந்து பால நிறுத்திடாதீங்க, நீங்க மாத்திரை போடறது தான் பெரிய காவல். காம்புல வெடிப்பு, பால் கட்டி சீழ் வெச்சா அந்த பக்கம் பீச்சி கீழ ஊத்திட்டு இன்னொரு பக்கம் குடுங்க, அன்னிக்கே டாக்டர பாருங்க. குழந்தை வாய்ல வெள்ளையா படிஞ்சாலும் காட்டுங்க.

45வது நாள் தடுப்பூசி போட போறப்பவே குதிகால்ல குத்தி அட்டைல சொட்டு வெச்சு டெஸ்ட் எடுப்பாங்க, வீட்டுக்கு தெரியவே தெரியாது. மறுபடி ஆறு மாசம், ஒரு வயசு, கடைசியா 18 மாசம். நடுவுல யாராவது சாதா ரேப்பிட் டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ்னு காட்டினா ஒடஞ்சு போயிடாதீங்க, வைரஸுக்கு எதிரா உங்க உடம்புல உருவான எதிர்ப்புப்பொருள் (ஆன்டிபாடி) குழந்தை ரத்தத்துலயும் சுத்திக்கிட்டு இருக்கும். அம்மா வீட்டுக்கு போறப்போ மாத்திரை கைல போதுமான அளவு வாங்கிக்கோங்க, இல்ல அங்க பக்கத்துல இதே மாத்திரை குடுக்கற லிங்க் சென்டருக்கு எழுதி வாங்குங்க. எல்லார் முன்னாடியும் அந்த சிஸ்டர் பேசினாங்கன்னா அது 2017 ஹெச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டப்படி தப்பு. எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு இலவசமா போன் பண்ணி கேக்கலாம்.

பெயர் வேண்டாம்:
அக்கா அழுதுட்டேன். கால்சியம் விஷயம் சத்தியமா தெரியாது, எல்லாத்தையும் ஒரே வாயில போட்டுட்டு இருந்தேன். இனிமே நைட் சாப்பாட்டோட டி.எல்.டி. போட்டுக்கலாமான்னு கேட்டுட்டு மாத்திக்கறேன். வைரல் லோட் அஞ்சாம் மாசம் எடுத்தது தான், திங்கக்கிழமை போறேன். அம்மாகிட்ட சொல்ற தைரியம் இன்னும் வரல. மாத்திரை டப்பாவ எங்க ஒளிச்சு வெச்சீங்க?

ரெண்டு பசங்க அம்மா:
நாப்கின் பாக்கெட்டுக்குள்ள. எங்க வீட்ல யாரும் அதுல கை வெக்க மாட்டாங்க. டப்பாவோடயே வைங்க, பிரிச்சு வேற எதுலயும் கொட்டாதீங்க, ஈரம் பட்டா கெட்டுடும்.