விவரம் கேட்டே இழுத்தடிக்கப்படும் டிரேட்மார்க் வழக்குகள்: எங்கள் அனுபவங்கள்

வாதித் தரப்பு வழக்கறிஞர்:

எங்கள் டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) வழக்கில் பிரதிவாதியின் எதிருரை, அதாவது எழுத்துமூலப் பதில், வர வேண்டிய தவணையில், எங்கள் வழக்குரைக்கு (வாதி தாக்கல் செய்யும் மனு) கூடுதல் விவரம் கேட்டு அவர் தரப்பிலிருந்து ஒரு கட்டுக் கேள்விகள் வந்து சேர்ந்தன. "பொதுமக்கள் குழம்புவார்கள் என்று 7-ஆம் பத்தியில் கூறியிருக்கிறீர்கள். குழம்பிய ஒவ்வொருவரின் பெயர், முகவரி, நாள், நேரம், வாங்கிய கடை, அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைத் தருக." அடுத்த கேள்வி, விளம்பரத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு தொகையையும் ரசீதோடு கேட்டது. இப்படியே பக்கம் பக்கமாக நீண்டது.

எனக்குக் கோபம் வந்தது, இன்றும் தணியவில்லை. வணிகச் சின்னத்தை மீறியதற்கான வழக்கில் குழப்பம் ஏற்பட வாய்ப்பு உண்டு என்று காட்டினாலே போதும். ஏமாந்தவரைக் கூண்டில் ஏற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு சின்னங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், நினைவில் மங்கலாகத் தங்கியதை வைத்து வாங்குகிற சாதாரண நுகர்வோரின் கண்ணோடு நீதிபதி பார்த்துத் தீர்மானிப்பார்.

வழக்குரையில் முக்கியச் சங்கதிகள் இருக்க வேண்டும், அவற்றை நிரூபிக்கும் சாட்சியம் இருக்கக் கூடாது என்று இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6-ஆம் கட்டளை, 2-ஆம் விதி சொல்கிறது. இங்கிலாந்து நடைமுறை விதிகளின் 18-ஆம் பகுதியும் கட்டுப்பாடு வைக்கிறது: தன் வழக்கைத் தயாரிக்கவோ, எதிராளியின் வழக்கைப் புரிந்துகொள்ளவோ நியாயமாகத் தேவைப்படுவதைத்தான், அதுவும் சுருக்கமாக, கேட்கலாம்.

சின்னத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய ஆண்டு, எந்தச் சரக்குகளுக்கு, எந்தப் பகுதிகளில் என்ற கேள்விகளுக்கு நேராகப் பதில் கொடுத்தோம். மற்றவற்றுக்கு, "இது சாட்சியம், விசாரணையில் வரும்" என்று ஒரே வரி. எல்லாவற்றுக்கும் பதில் தர உத்தரவிடக் கோரி அவர்கள் மனுப் போட்டார்கள். நீதிபதி அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்தப் பதில் இல்லாததால் எந்தப் பத்திக்கு உங்களால் எதிருரை எழுத முடியவில்லை?" ஒரு பத்தியைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை, மனு தள்ளுபடியானது. ஆனால் அதுவரை பிரதிவாதியின் சரக்கு சந்தையில் தாராளமாக விற்றுக்கொண்டிருந்ததே, அதற்கு யார் பொறுப்பு?

பிரதிவாதித் தரப்பு வழக்கறிஞர்:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியாத வழக்குகளும் உண்டு. "பிரதிவாதி தீய எண்ணத்துடன் எங்கள் உறையின் தோற்றத்தைக் காப்பியடித்தார்" என்று ஒரு வழக்குரை. எந்தத் தோற்றம்? நிறமா, எழுத்துருவா, புட்டியின் வடிவமா? தீய எண்ணத்துக்கு அடிப்படையான சங்கதி எது? எதுவும் இல்லை. மோசடி என்று குற்றம் சாட்டுகிறவர் அதன் விவரத்தையும் சொல்லியாக வேண்டும். அது எங்கள் உரிமை. இந்த இரண்டை மட்டும் கடிதத்தில் கேட்டோம். அரைப் பக்கத்தில் பதில் வந்தது: சிவப்புப் பட்டையும் அதன் மேலுள்ள வெள்ளை வட்டமும்தான் பிரச்சினை என்று தெளிவாயிற்று. இரு தரப்புக்கும் வேலை பாதியாகக் குறைந்தது.

நிறுவனச் சட்டப் பிரிவில் பணிபுரிபவர்:

எங்களிடம் கேட்கப்பட்டது முகவர்களின் முழுப் பட்டியலும், ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் கமிஷனும். கேட்டவர் சந்தையில் எங்கள் போட்டியாளர்! விவரம் என்ற பெயரில் வியாபார ரகசியத்தையே கேட்டார்கள். கணக்குப் பிரிவு கோப்புகளை எடுக்கத் தொடங்கியபோது எங்கள் வழக்கறிஞர் தடுத்தார். நற்பெயரை எடுத்துரைக்க ஆண்டுவாரியான மொத்த விற்பனையும் விளம்பரச் செலவும் போதும் என்றார். அவற்றை மட்டும் ஓர் அட்டவணையாகக் கொடுத்தோம். முகவர் பட்டியலைத் தர மறுத்தோம். அதை வற்புறுத்தி அவர்கள் மனுப் போடவும் இல்லை.