பழைய எறிகணைக் காயத்துக்கு அருகே கட்டி: மீண்டும் பரிசோதிக்கும்படி எப்படிக் கேட்பது?

கேள்வி – கச்சான்காடு

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 43. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். 2009 இல் பட்ட எறிகணையின் சிறு துண்டொன்று இடப்பக்க மார்பின் மேற்புறத்தில் இன்னும் இருக்கிறது. அதை எடுக்காமல் விடுவதே நல்லது என்று அப்போது சொன்னார்கள். கடந்த மாசி மாதம் கச்சான் பிடுங்கிவிட்டு வந்து குளிக்கும்போது, அந்தத் தழும்புக்கு இரண்டு விரல் கீழே, முன்பு இல்லாத ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வைத்தியசாலைக்குப் போனேன். அங்கிருந்த இளம் வைத்தியர் எக்ஸ்ரே எடுப்பித்துப் பார்த்து, அது சன்னம்தான் (பழைய எறிகணைத் துண்டுதான்) என்று சொல்லி மாத்திரை தந்து அனுப்பிவிட்டார். கையால் தொட்டுப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்ல அவரும் கூச்சப்பட்டார், நானும் கூச்சப்பட்டேன்.

மூன்று மாதமாகிறது, கட்டி அப்படியே இருக்கிறது. படித்தவர் சொன்ன பிறகு திரும்பவும் போய்க் கேட்டால் அவரை அவமதிப்பதாக ஆகாதா? எந்த இடத்தில், என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

பதில் 1 – ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

தங்கச்சி, திரும்பக் கேட்பது அவமதிப்பு அல்ல. எக்ஸ்ரே படத்தில் இரும்புத் துண்டு தெளிவாகத் தெரியும்; அதன் அருகே தசையிலோ கொழுப்பிலோ புதிதாக வந்திருப்பது என்ன என்பதை அந்தப் படம் சொல்லாது. நீங்கள் கைவைத்த இடம் தழும்புக்குக் கீழே என்றும், முன்பு அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பை இத்தனை வருடம் அறிந்தவர் நீங்கள்தான், ஆகவே அந்தச் சாட்சியத்தை முதலில் சொல்லுங்கள்.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. காயம் புற்றுநோயை உண்டாக்குவதும் இல்லை. ஆனால் அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டிபோலத் தங்குவது உண்டு, நீர்க்கட்டியும் வரலாம். எது எதுவென்று கையால் தடவி மட்டும் முடிவு சொல்ல இயலாது. அதனால்தான் வைத்தியர் கையால் பார்ப்பது, ஸ்கான் அல்லது மமோகிராம் (மார்பகத்துக்கான தனி எக்ஸ்ரே) எடுப்பது, தேவைப்பட்டால் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். 1996 இல் தொடங்கிய இந்த கிளினிக்குகளில் மார்பையும் பரிசோதிப்பார்கள், கட்டணம் இல்லை. கிளினிக் நாளை உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். அங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இது புதிய கட்டி. மூன்று மாதமாகிறது, மாதவிடாய்க்குப் பிறகும் குறையவில்லை. கையால் பார்த்து, சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கடிதம் தாருங்கள்." பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால், பெண் தாதி ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கண்டறிந்ததைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அடுத்த வைத்தியரிடம் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். உடம்பில் இரும்பு இருப்பதை எல்லா இடத்திலும் சொல்லுங்கள், குறிப்பாக எம்.ஆர்.ஐ என்ற பேச்சு வந்தால்; அது பலமான காந்தத்தால் எடுக்கும் படம்.

முதன்முதலாக வைத்தியரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் என்ன என்று உறுதிசெய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. உங்களுக்கு அந்த நாட்கள் ஏற்கெனவே கடந்திருக்கும் போலத் தெரிகிறது.

பதில் 2 – மல்லாவி வாசகி

அக்கா சொன்னவை அனைத்தும் சரி, ஆனால் கூச்சத்தைக் கொஞ்சம் எளிதாகக் கடந்துவிட்டார் என்று நினைக்கிறேன். போர் முடிந்த நாட்களில் பாதுகாப்புச் சோதனைக்காக வரிசையில் நின்ற எங்களுக்கு, தெரியாத ஒருவர் முன்னால் சட்டையைக் கழற்றுவது வெறும் கூச்சம் அல்ல. எனக்கும் மார்பில் கட்டி வந்தபோது எட்டு மாதம் தாமதித்ததற்கு அதுவும் காரணம். ஊசி பட்டால் புற்று பரவும் என்று மாமி பயமுறுத்தியது மற்றக் காரணம். ஊசிச் சோதனையால் நோய் பரவுவதில்லை என்று தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்தியர் படம் வரைந்து விளக்கிய பிறகுதான் சம்மதித்தேன். அதற்குள் கட்டி பெரிதாகி, மார்பை முழுதாக எடுக்க வேண்டியதாயிற்று. இன்று நலமாக இருக்கிறேன்.

ஒரு விடயம். இரண்டு சோதனைகளை ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பரந்தன் சந்தியில் பேருந்து மாறிப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. கேட்டால் பார்த்துச் செய்கிறார்கள், கேட்காதவருக்கு எழுதுவது வேறு வேறு திகதிதான்.

பதில் 3 – வவுனிக்குளம்

ஆண்கள் பேசும் இடமல்ல இது என்றாலும் எழுதுகிறேன். மனைவியோடு கிளினிக்குக்குப் போனபோது வைத்தியர் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். "கட்டி எப்போது வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டதும் வாயடைத்துப் போனேன். இப்போது கூடப் போகிறேன், ஆனால் வெளி வாங்கில் இருக்கிறேன்.

கச்சான்காடு – பின்னர் எழுதியது

அனைவருக்கும் நன்றி. கிளினிக்குக்குப் போனேன். அக்கா எழுதித் தந்த வசனத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போய், வாய் வராதபோது தாளை நீட்டினேன். பெண் வைத்தியர் ஒருவர் இரண்டு மார்பையும் அக்குளையும் பொறுமையாகப் பார்த்து, "சன்னம் வேறு, இது வேறு" என்றார். என்ன என்பதை ஸ்கானுக்குப் பிறகே சொல்லலாம் என்று கடிதம் தந்திருக்கிறார். துண்டு இருக்கும் இடத்தை அங்கே முதலில் காட்டச் சொன்னார். பழைய காயச் சீட்டு இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. ஆகையால் அந்த எக்ஸ்ரே படத்தையே கொண்டு போகப் போகிறேன்.