நெல்லிக் கிளையில் ஒரு பெரியவர் காட்டியது

சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் கர்நாடகப் பக்கம் பிலிகிரி ரங்கன் மலை. நம் தாளவாடி, பர்கூர் மலைகளில் இருக்கும் அதே சோளகர்களை அங்கே சோலிகர் என்பார்கள். அவர்களில் ஒரு பெரியவரோடு காட்டு நெல்லி பார்க்கப் போயிருந்தேன்.

காய்ப்பு பார்ப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. எந்தச் சரிவில் காய் பிடித்திருக்கிறது, மரத்தடியில் கன்று எழும்புகிறதா, எவ்வளவு பறிக்கலாம், மானுக்கு எவ்வளவு விடவேண்டும் என்று நடந்துகொண்டே கணக்குப் போடுகிறார்கள். ஏட்ரீ ஆய்வு நிறுவனமும் அவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் இதைப் பதிவு செய்திருக்கிறது.

பெரியவர் ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். முண்டு முண்டாகப் புடைத்த இடத்தில் புல்லுருவி ஒட்டியிருந்தது. அதற்கு அப்பால் கிளை வெறும் சுள்ளி. ஒரு காய்கூட இல்லை.

"ஏன் ஐயா இவ்வளவு புல்லுருவி?" என்று கேட்டேன். தீயை நிறுத்தினதால்தான் என்றார், யோசிக்கவே இல்லை. முன்பெல்லாம் கோடை முற்றுவதற்குள் தரகு பெங்கி, அதாவது சருகுத் தீ, வைப்பார்களாம். சருகு மட்டும் எரிந்து தாழவே அடங்கிவிடும் தீ. புல்லுருவியும், காட்டில் புதராகப் பரவும் உண்ணிச்செடியின் (லண்டானா) நாற்றும் அந்த வெக்கையில் கருகிவிடுமாம். 1974இல் சரணாலயம் வந்தது, அப்புறம் தீ வைப்பது குற்றமாகிவிட்டது.

ஆய்வாளர்கள் 1997இலும் 2008இலும் அந்தக் காட்டை அளந்திருக்கிறார்கள். உண்ணிச்செடி பரவிய இடம் அதற்குள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது! சோலிகர் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள். அவர்களை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

இப்போது உண்ணிப் புதர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மழை முன்போல நாள் பார்த்து வருவதில்லை என்று பெரியவர் சொன்னார். வெயில் நீளும் வருடத்தில் இந்தப் புதரில் தீப்பொறி விழுந்தால் அது சருகோடு நிற்காது, மரத்தில் ஏறும். 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூர் எரிந்ததைப் பார்த்தோமே.

2011இல் பிலிகிரி ரங்கன் மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு வன உரிமைச் சட்டப்படி சோலிகருக்குச் சமூக உரிமைப் பத்திரமும் கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அங்கேதான் முதல். தேன், நெல்லி எடுக்கும் உரிமை வந்துவிட்டது. சரி, காட்டைப் பராமரிக்கும் தீயை எப்போது அவர்கள் கையில் கொடுப்பது?

பர்கூர், தாளவாடிப் பக்கம் போய்வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அங்குள்ள பெரியவர்கள் சருகுத் தீயைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?